பின்னால் கட்டிய கார்

என் கணவர் தம் ஐம்பத்தாறாவது வயதில் ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கினார். ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போகும் ஒரு குடும்பம் விற்றுவிட்டுப் போனது. உள்ளே கட்டில், அடுப்பு, ஆள் திரும்ப முடியாத ஒரு குளியலறை எல்லாம் இருந்தன. அவர் அதை மோட்டார்ஹோம் என்றுதான் சொல்வார். எனக்கு அது பஸ். ஷார்ஜாவில் ரோலா பகுதியை ஒட்டிய எங்கள் கட்டடத்தில் கார் நிறுத்தவே இடம் கிடைக்காது. அதனால் அந்த பஸ் தொழிற்பேட்டையில் அவருக்குத் தெரிந்த ஒரு கராஜின் பின்புறம் நின்றது. லீவு நாட்களில் காலையில் போனாரென்றால் சாயங்காலம் கிரீஸ் கறையோடு வருவார்.

அவர் எண்ணெய்க் குழாய் பதிக்கும் வேலைகளில் என்ஜினீயர். இருபத்து மூன்று வருடங்களில் பாதியைப் பாலைவனத்து கேம்ப்களில் கழித்தவர். நான் ஓர் இந்தியப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. மகள் பெங்களூரில் கல்லூரிக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அதிலும் அவர் மாதத்தில் பத்து நாள் இருப்பார்.

"இத்தன வருஷமா இந்த ஊர சைட்டுல இருந்துதான் பாத்திருக்கேன். குழாய், மணல், மறுபடி குழாய். ஒரு தடவ உன்னையும் கூட்டிட்டுச் சும்மா சுத்திப் பாக்கணும்," என்றார்.

கோடை விடுமுறையில் ஓமானில் இருக்கும் சலாலா போவதென்று முடிவானது. ஊரெல்லாம் வெந்துகொண்டிருக்கும்போது அங்கே மட்டும் மழைச்சாரல் இருக்கும். நான் பெங்களூருக்குப் போய் மகளோடு இருக்க நினைத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு வந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பஸ்ஸை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் கடைக்குப் போகவோ மலை ஏறவோ அதைத் திரும்பக் கிளப்ப முடியாது. அதனால் என்னுடைய சின்னக் காரைப் பின்னால் கட்டி இழுத்துப் போவதாகத் திட்டம். எட்டு வருடமாக நான் பள்ளிக்கு ஓட்டிப்போன வெள்ளைக் கார். டிரெய்லரில் ஏற்றாமல், நான்கு சக்கரமும் தரையில் உருள அப்படியே இழுப்பது.

"உன் கார்தான் இதுக்கு லாயக்கு. ஆட்டோமேட்டிக்கா இருந்தா கியர்பாக்ஸ் போயிரும். இது மேனுவல். நியூட்ரல்ல போட்டா அதுபாட்டுக்கு நாய்க்குட்டியாட்டம் பின்னால வரும்," என்றார்.

கராஜில் இருந்த பஞ்சாபி மெக்கானிக் காரின் முன்பக்கத்தில் பம்பருக்கு உள்ளே ஓர் இரும்புப் பட்டையைப் பொருத்தினார். அதில் இரண்டு கைகள் போல விரியும் கம்பியை மாட்டி, குண்டூசி மாதிரி இல்லை, என் பெருவிரல் தடிமனில் இரண்டு பின்களைச் செருக வேண்டும். பிறகு சங்கிலி. பிறகு பின்விளக்குகளுக்கான வயர். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கச் சாவியை ஒரு படி திருப்பி வைக்க வேண்டும். கடைசியில் கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் இறக்கம்.

அவர் சைட்டில் வேலை பார்த்த மனிதர். எதையும் வாய்விட்டுச் சொல்லி, இன்னொருவர் பார்த்து ஆமோதிக்காமல் வேலையைத் தொடங்க மாட்டார். அதனால் எனக்கும் ஒரு வேலை வைத்தார். எல்லாவற்றையும் அவரே செய்துவிட்டு வெளியே நின்று ஒவ்வொன்றாகச் சொல்வார். நான் நடந்துபோய்க் கண்ணால் பார்த்துப் "பாத்தாச்சு" என்று சொல்ல வேண்டும். கராஜ் வாசலில் இதை நான்கு தடவை பழக வைத்தார். பஞ்சாபிக்காரர் சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்னொன்றும் காட்டினார். கார் பின்னால் மாட்டியிருக்கும்போது பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. எடுத்தால் காரின் முன்சக்கரங்கள் கோணிக்கொண்டு கம்பி வளைந்துவிடும். முன்னால் வழியில்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் காரைக் கழற்றிவிட்டுத்தான் மீள வேண்டும்.

அல் ஐன் தாண்டி எல்லைச் சாவடியில் ஓர் அதிகாரி இரண்டு வண்டிகளின் முல்கியாவையும், அதாவது பதிவு அட்டைகளையும், வாங்கிப் பார்த்தார். பின்னால் எட்டிப்பார்த்துவிட்டு, "இந்த வண்டிக்கு டிரைவர் எங்கே?" என்று இந்தியில் கேட்டார். என் கணவர் என்னைக் கைகாட்டினார். அதிகாரி என்னையும் ஆளில்லாத காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் என் கணவர். அன்றைக்கு நிஸ்வாவில் தங்கினோம். காலையில் கிளம்பி ஆதம் என்ற ஊரைத் தாண்டியதும் மலைகள் முடிந்துபோயின. அதற்கு மேல் ஒரே கோடாகச் சாலை. இரண்டு பக்கமும் வெறும் தரை. மணல்மேடுகூட இல்லை, சலித்துப் பரப்பியதுபோல் சாம்பல் நிறச் சரளை.

மதியம் ஒரு மணி இருக்கும். ஹைமா என்ற ஊருக்கு எண்பது கிலோமீட்டர் முன்னால் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. கூடவே ஒரு தொழுகை அறை, ஒரு டீக்கடை. டீசல் போட்ட பிறகு அவர் நிழலைத் தேடிக் கடையின் பக்கவாட்டுக்குள் வண்டியை விட்டார். அங்கே ஒரு சுவர் இருந்தது. முன்னால் வழியில்லை.

"தப்பாப் போச்சே," என்று இறங்கினார்.

காரைக் கழற்றினார். அதை ஓரமாகத் தள்ளி நிறுத்தினார். பஸ்ஸைப் பின்னால் எடுத்து வெளியே கொண்டுவந்தார். மறுபடியும் காரை ஓட்டிவந்து அதன் பின்னால் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, மண்டிபோட்டுக் கம்பியை மாட்ட ஆரம்பித்தார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெளியே நின்றால் செருப்பு வழியாகச் சூடு ஏறியது. நான் பஸ்ஸுக்குள் ஏசிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு பின் கையிலிருந்து நழுவித் தரையில் விழும் சத்தம் கேட்டது. மறுபடியும் விழுந்தது.

ஜன்னலைத் திறந்து நான் கத்தினேன்: "பிளைட்ல போயிருந்தா இந்நேரம் ரூம்ல குளிச்சிட்டு உக்காந்திருப்போம். உங்க கிறுக்குக்கு என்னை எதுக்குங்க இழுத்துட்டு வந்தீங்க? நான் எம்புள்ளகிட்டப் போயிருப்பேன்ல?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டது மட்டும் ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தில் தெரிந்தது. நான் ஜன்னலை மூடிவிட்டுப் போனில் மகளின் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "பின்." நான் எழுந்திருக்கவில்லை. "பாத்தாச்சு," என்றேன். "சங்கிலி." பாத்தாச்சு. "வயர்." பாத்தாச்சு. "கியர்." பாத்தாச்சு. "ஹேண்ட்பிரேக்."

"எல்லாம் பாத்தாச்சுங்க, ஏறுங்க," என்றேன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் ஏறி உட்கார்ந்தார். பெல்ட் மாட்ட நேரமானது. நான் அவர் பக்கம் திரும்பவில்லை. கோபம் எனக்கு. அது தணிய நானே விடவில்லை.

பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டியிருப்பார். "இழுக்குது," என்றார்.

"என்ன இழுக்குது?"

"இழுக்குது… இழுக்…"

குரல் குழறியது. அப்போதுதான் பார்த்தேன். வாயின் வலது ஓரம் கீழே தொங்கியிருந்தது. வலது கை ஸ்டியரிங்கிலிருந்து வழுக்கி மடியில் கிடந்தது. பஸ் மெல்லச் சாலையோரச் சரளைக்கு இறங்கியது. நான் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அவருடைய கால் பிரேக்கை எப்படியோ அழுத்தியது, நின்றது வண்டி.

எங்கள் ஊர்ப்பக்கம் பக்கவாதத்தைக் கை கால் இழுத்துக்கொண்டது என்றுதான் சொல்வார்கள். அவர் தன் உடம்பைத்தான் சொன்னார் என்று அந்த நொடியில் முடிவு செய்துவிட்டேன்.

போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. கதவைத் திறந்து ஓடிப்போய் சாலையில் நின்று பார்த்தேன், அங்கேயும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு வண்டியும் இல்லை. முதலில் தோன்றியது என் கார்தான். அதைக் கழற்றி அவரை அதில் ஏற்றிப் பறந்துவிடலாம் என்று பின்னால் ஓடினேன். பின்கள் அசையவே இல்லை. வண்டி சாய்வாக நின்றதில் கம்பி இறுகிப்போயிருந்தது. வெறுங்கையால் இழுத்ததில் விரல் வெந்தது. அங்கே ஒரு கருகல் வாடை அடித்தது. ரப்பர் வாடை. இருபது வருடம் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அது எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்க்கவில்லை. வெயிலில் தார் வாடை என்று நினைத்துத் திரும்ப ஓடினேன்.

பஸ்ஸைத்தான் ஓட்டியாக வேண்டும். அதற்கு முன் அதன் ஸ்டியரிங்கை நான் தொட்டதில்லை. ஓட்டுநர் இருக்கையைப் பின்பக்கமாகத் திருப்ப முடியும்; திருப்பினேன். அவருடைய அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். இடது காலை ஊன்றி அவரும் உதவினார். இருக்கைகளுக்கு நடுவே தரையில் மெத்தையை இழுத்துப்போட்டுச் சாய்த்தேன்.

அவர் கண் திறந்துதான் இருந்தது. எதையோ சொல்லப் பார்த்தார். "ப… ப…" என்று வந்தது. இடது கையை முஷ்டியாக மடக்கிக் கீழே கீழே அழுத்திக் காட்டினார். மெதுவாகப் போ என்கிறார் என்று நினைத்தேன்.

"மெதுவாத்தான் போறேங்க. பயப்படாதீங்க. ஹைமால ஆஸ்பத்திரி இருக்கு," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். இல்லை இல்லை என்று. மறுபடியும் முஷ்டி கீழே போனது.

கிளம்பினேன். வண்டி கனமாக நகர்ந்தது. இவ்வளவு பெரிய வண்டி இப்படித்தான் போகும்போல என்று இன்னும் அழுத்தினேன். பக்கக் கண்ணாடிகளில் பஸ்ஸின் உடம்பும் வெறும் சாலையும் மட்டும் தெரிந்தன. என் சின்னக் கார் பஸ்ஸின் முதுகுக்குப் பின்னால் முழுதாக மறைந்துவிடும். எதிர்ச்சாலையில் போன ஒரு லாரி விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது. நான் நடுவில் ஓட்டுகிறேன் என்று திட்டுகிறான்போல என்று ஓரத்துக்கு வந்தேன். அடுத்து ஒரு வேன் என்னை முந்திக்கொண்டு நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனது. வழி விட்டேன். பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம். கல் ஏறியிருக்கும் என்று நினைத்தேன். அவர் தரையில் கிடந்தபடி இடது கையால் என் இருக்கையின் அடியை அடித்துக்கொண்டே இருந்தார். "இதோ வந்திரும்ங்க, இதோ வந்திரும்," என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

முப்பது கிலோமீட்டர் ஓட்டியிருப்பேன். பின்னாலிருந்து ஒரு பெரிய லாரி முந்திவந்து எனக்கு முன்னால் குறுக்கே நின்றது. மோதாமல் நிறுத்தியதே அதிசயம். குர்தா போட்ட, நரைத்த தாடி வைத்த ஒரு பட்டாணியர் குதித்து ஓடிவந்தார். நான் ஜன்னலைத் திறந்து கத்தினேன்: "ஹட்டோ! வழி விடுங்க! ஆஸ்பத்திரி போகணும்! பேஷண்ட் இருக்காரு!"

அவர் என்னைவிடப் பெரிதாகக் கத்தினார். "பாஜி, ஆக்! பீச்சே ஆக் லகா ஹை!"

அக்கா, நெருப்பு, பின்னால் நெருப்பு. புரிந்ததும் இறங்கிப் பின்னால் போனேன். காரின் பின்சக்கரங்களில் டயரே இல்லை. இரும்பு வளையங்கள் தேய்ந்து பளபளத்தன. அவற்றைச் சுற்றிக் கறுப்புப் புகை. ஒரு பக்கம் தீ சக்கரத்திலிருந்து ஏறிப் பின்கதவைத் தொட்டிருந்தது. நாங்கள் வந்த சாலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை போயின.

பட்டாணியர் லாரியிலிருந்து சுத்தியலைக் கொண்டுவந்து பின்களை அடித்தார். ஒன்று வந்தது. இன்னொன்று வரவில்லை. என்னைப் பார்த்து, "காடி தோடா பீச்சே கரோ," என்றார். ரிவர்ஸ் கூடாது என்பது மண்டையில் அடித்தது. ஆனாலும் போய் ஒரு சாண் பின்னால் எடுத்தேன். கம்பி தளர்ந்து பின் கழன்றது. அவர் கைகாட்ட, பஸ்ஸை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அதற்குள் ஒரு வெள்ளை பிக்கப் வந்து நின்றது. திஷ்தாஷா என்ற நீள அங்கி அணிந்த ஓர் ஓமானியர் தீயணைப்பானோடு இறங்கினார். பட்டாணியர் அவரிடம் ஏதோ சொல்ல, அவர் தீயை விட்டுவிட்டு பஸ்ஸுக்குள் ஏறினார். இரண்டு பேரும் என் கணவரைத் தூக்கிவந்து பிக்கப்பின் பின்னிருக்கையில் கிடத்தினார்கள். "யல்லா, யல்லா," என்று அவசரப்படுத்தினார் ஓமானியர். நான் கணவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். பாஸ்போர்ட், பணம், மருந்து எல்லாம் பஸ்ஸிலேயே இருந்தன. திரும்பிப் பார்த்தபோது என் கார் முழுதாக எரிந்துகொண்டிருந்தது.

ஹைமா மருத்துவமனையில் ஒரு மலையாளி நர்ஸ் இருந்தார். டாக்டர் கேட்டதை அவர்தான் எனக்குச் சொன்னார். "சேச்சி, இவரு கடைசியா எப்போ நல்லா இருந்தாரு? நீங்க கண்ணால பாத்த டைம் சொல்லணும். மருந்து கொடுக்கறது அத வச்சுத்தான்."

எனக்கு நேரம் தெரியவில்லை. பெட்ரோல் பங்குக்குள் நுழையும்போது நன்றாக இருந்தார். அதற்குப் பிறகு பேச்சு குழறும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் அவர் முகத்தையே பார்க்கவில்லை. அந்தப் பின் ஏன் இரண்டு தடவை கைநழுவியது, பெல்ட் மாட்ட ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்பதெல்லாம் அங்கே ஒரு நீல நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் வரிசையாக வந்து நின்றன. வலது கையில் பலம் அப்போதே போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஹேண்ட்பிரேக்கை அந்தக் கையால்தான் இறக்கியிருப்பார். பாதிதான் இறங்கியிருக்கிறது. இழுக்குது என்று சொன்னதும், முஷ்டியைக் கீழே அழுத்திக் காட்டியதும் அதைத்தான். இறங்கிப்போய்ப் பார்த்திருந்தால் அதையும் பார்த்திருப்பேன், அவர் முகத்தையும் பார்த்திருப்பேன்.

"ஒரு மணிக்கு நல்லாருந்தாரு," என்று சொன்னேன்.

ஸ்கேனுக்கு ஆம்புலன்ஸில் நிஸ்வா போக வேண்டியிருந்தது. வந்த சாலையிலேயே திரும்பிப் போனோம். போய்ச் சேர்ந்தபோது ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கான நேரம் தாண்டிவிட்டது என்றார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். வலது பக்கமும் பேச்சும் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

மறுநாள் ஹைமாவிலிருந்து ஒரு பை வந்துசேர்ந்தது. பட்டாணியர் பஸ்ஸை ஓரங்கட்டிப் பூட்டிவிட்டு, எங்கள் பாஸ்போர்ட்களையும் மருந்துகளையும் என் கைப்பையையும் ஓர் அரிசிப் பையில் கட்டி, சாவியோடு மருத்துவமனைக் காவலாளியிடம் கொடுத்துப் போயிருந்தார். அவர் பெயரையோ நம்பரையோ யாரும் கேட்டு வைக்கவில்லை.

மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். பதினோரு நாள் நிஸ்வாவில் இருந்தோம். எரிந்த காருக்காகப் போலீஸார் ஒரு படிவத்தில் அவர் கையெழுத்தைக் கேட்டார்கள். கை வராததால் இடது கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தார். எப்படி நடந்தது என்று கேட்டபோது பிரேக் இறுகிவிட்டது என்றேன். அதுதான் அறிக்கையிலும் எழுதப்பட்டது. "அப்பா எப்பவும் எல்லாத்தயும் டபுள் செக் பண்ணுவாரே, ஹவ் குட் ஹி மிஸ் இட்?" என்று மகள் கேட்டாள். "அவருக்கு அப்பவே உடம்பு சரியில்லடா," என்றேன். அது பொய்யில்லை. உண்மையும் இல்லை.

ஷார்ஜாவுக்கு வந்த பிறகு அவருடைய வேலை முடிந்தது. என் விசாவில் அவரைச் சேர்த்தேன். பஸ்ஸை என்னோடு வேலை பார்க்கும் ஓர் ஆசிரியையின் கணவர் போய் எடுத்துவந்து விற்றுக்கொடுத்தார். நான் அதைத் திரும்பப் பார்க்கவில்லை. நான் பள்ளிக்குப் போகும் நேரத்தில் அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வருகிறார். கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்து பாய், லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து அவரைச் சக்கர நாற்காலியோடு தூக்கி ஏற்ற ஆள் பிடித்துக் கொடுப்பார். காசைப் பற்றிப் பேச்செடுத்தால், "சும்மா இரிங்கம்மா," என்பார்.

பேச்சு கொஞ்சம் வந்தது. நாற்பது வார்த்தை இருக்கும். சில வார்த்தைகள் இடம் மாறி வரும். தண்ணீருக்கு டீசல் என்பார். மகளை என் அக்காள் பெயரால் கூப்பிடுவார். தப்பாக வருவது அவருக்கே தெரியும். தெரிந்ததும் கண்ணை மூடிக்கொள்வார்.

எட்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம் அவரிடம் சொன்னேன். சாப்பாடு ஊட்டி முடித்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முன்கூட்டி நினைத்து வைத்ததில்லை.

"அன்னைக்கு நான் இறங்கி வந்து பாக்கலைங்க. உக்காந்த இடத்துலருந்தே பாத்தாச்சு பாத்தாச்சுன்னு சொன்னேன். கோவத்துல இருந்தேன். உங்க மூஞ்சியக்கூடப் பாக்கல. பாத்திருந்தா அங்கயே கண்டுபிடிச்சிருப்பேன். அந்தக் கடைல ஆளுங்க இருந்தாங்க. சிக்னல் இருந்துச்சு."

அவர் என்னையே பார்த்தார். எவ்வளவு புரிந்தது என்று கண்டுபிடிக்க முடியாத பார்வை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். முழுதாகப் புரிந்தது. தன் முட்டிமேல் இருந்த என் கையை இடது கையால் எடுத்து, தூக்கி எறியாமல், மெதுவாக என் மடியிலேயே வைத்தார். பிறகு நாற்காலியின் ஒற்றைச் சக்கரத்தைத் தள்ளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு நாள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இருப்பதே நாற்பது வார்த்தை. அந்த அம்மாவிடம் பேசினார். போனில் மகளிடம் "நல்லா… நல்லா" என்றார். நான் ஊட்டினால் வாய் திறந்தார்; பார்க்க மாட்டார். அழுதால் அவருக்கு வேதனையாக இருக்குமென்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மூன்றாம் நாள் காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சவரப் பெட்டியைத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தினமும் நான்தான் சவரம் செய்துவிடுவேன். அந்த இரண்டு நாளும் கிட்டே போகத் துணியவில்லை. நரைமுடி முள்முள்ளாக வளர்ந்திருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு நுரையைக் குழைத்துத் தடவினேன். தொங்கிய கன்னத்தை நான் விரலால் இழுத்துப்பிடித்துச் சிரைக்க, அவர் முகத்தை மேலே தூக்கிக் காட்டினார். கீழே பள்ளிப் பேருந்து ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. அன்று டாக்ஸி பிடித்துத் தாமதமாகத்தான் போனேன். அதன் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் எடுக்கவில்லை.